திருமதி சி., வயது 49

திண்டுக்கல், பூ மார்க்கெட்
4.2.2025

தமிழ்மதிக்கு,

'அன்புள்ள' என்று எழுத மனசு வரவில்லை. போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். நேரில் வந்தால் கையை நீட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உன் ஹாஸ்டல் இங்கிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். அதற்குப் போய்த் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நிலைமைக்கு ஆக்கிவிட்டாய்.

நேற்று சடையாண்டி மாமா மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார். தாடிக்கொம்புக்காரர். அவர் மகள் கீர்த்தனாவைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தது. உனக்கு இதுவே புதுச் செய்தியாக இருக்கும். உறுதி பண்ணிய பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். கார்த்திகைக் கடைசியில் வீடு பார்க்க வந்து, நம் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போனார்கள். பெண் வீட்டார் ஒரு வீட்டில் சாப்பிட்டார்கள் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மார்கழி போகட்டும் என்று தள்ளி வைத்திருந்தோம்.

மாமா அத்தனை வியாபாரிகள் முன்னால் போனை நீட்டினார். "மாப்ளே, இது யாரு வீட்டுக் கதை?" என்றார். பார்த்தால் உன் கையெழுத்து. காலேஜில் நீ எழுதிக் கொடுத்த கேஸ் ஸ்டடியாம். அவர் தம்பி மகன் விக்னேஷ்குமார் உன் காலேஜில் இரண்டாம் வருஷமாமே. அவன்தான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்.

"நோயாளி: திருமதி சி., வயது 49." பெயரை மறைத்துவிட்டாளாம், பெரிய அறிவாளி! அதற்குக் கீழேயே ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம், முக்கால் ஏக்கர் கனகாம்பரம், கணவர் மோட்டாரில் ஷாக் அடித்து இறந்தார், மகன் பூ மார்க்கெட்டில் வேலை, மகள் நர்சிங் மாணவி. ரேஷன் கார்டு நம்பர் ஒன்றுதான் பாக்கி. குடும்பப் படம் வேறு போட்டிருக்கிறாய். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவின் கட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. அம்மாவின் வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக அடைத்து வைத்திருக்கிறாய். 'ஏழு வருடங்களாகக் காதில் குரல்கள் கேட்பதாகக் கூறுகிறார்.'

"பல்லு வைத்தியம்னுல்ல சொன்னீக. கிறுக்கச்சி வீட்டுக்கா என் மகளைக் குடுக்கப் பாத்தேன்?" என்றார் மாமா.

ஏழு வருஷம் மதி. திண்டுக்கல்லில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரைக்குக் கூட்டிப்போனேன். கேட்டவர்களுக்கெல்லாம் பல் டாக்டர் என்று சொன்னோம். அப்பா காரியம் முடிந்த வாரம், அம்மாவுக்குக் குரல் கேட்க ஆரம்பித்தபோது, மோட்டார் ரூமில் வைத்து, "ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாதுண்ணே" என்று முதலில் சொன்னது யார்? நீ. அப்போது உனக்குப் பதினாலு வயசு. அந்த வாயா இது?

சிவபிரகாஷ்

*

ஹாஸ்டல்
7.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வார்டன் என் கையில் கொடுத்தபோது, நமக்குக்கூடத் தபால் வருகிறதே என்று ஆசையாகப் பிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் ஒன்று சொல். உனக்குப் பெண் பார்த்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை? நம் வீட்டில் விருந்து நடந்திருக்கிறது. இலை போட்டிருக்கிறார்கள். கூட்டு, பொரியல் என்று நாலு வெஞ்சனமாவது வைத்திருப்பீர்கள். எனக்கு ஒரு போன் இல்லை. பொங்கலுக்கு மூன்று நாள் வீட்டில் இருந்தேனே, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவையும் சொல்லவிடாமல் செய்திருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் இருந்தால் கீர்த்தனாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஆமாம், சொல்லியிருப்பேன். அந்தப் பெண் வாழ வந்த மூன்றாம் நாள், அம்மா அடுப்படியில் யாரும் இல்லாமல் பதில் பேசுவதைப் பார்த்து அலறியிருந்தால் உனக்குச் சந்தோஷமா?

விக்னேஷ்குமார் என்னிடம் நோட்டு கேட்டான், கொடுத்தேன். சீனியர் நோட்டை வாங்கி, பேரையும் வயசையும் மாற்றி எழுதுவது எங்கள் காலேஜில் எல்லோரும் செய்வதுதான். நானும் அப்படி எழுதியவள்தான். தாடிக்கொம்புப் பையன் என்று மட்டும் தெரியும். அவன் அக்காதான் எனக்கு மதினியாக வரப்போகிறாள் என்று எனக்கு யார் சொன்னது? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நோட்டைப் பெட்டிக்குள் பூட்டியிருப்பேன்.

அதை ஏன் எழுதினேன் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். வார்டில் எனக்குக் கொடுத்த நோயாளி மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டார். பத்து நாள் கவனித்து எழுத வேண்டும். எல்லோரும் கற்பனையில் ரொப்பினார்கள். எனக்கு ஏழு வருஷமாகத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். உட்கார்ந்து எழுதினேன். பாதியில் அழுதேன். முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. எங்களுக்கு மனநலப் பாடம் எடுக்கும் நர்கீஸ் மேடம் படித்துவிட்டு, "நீ மனநலத்துக்கே வந்துரு தமிழ்மதி. இது எல்லாருக்கும் வராது" என்றார்.

கடைசி ஆறு மாசப் பயிற்சிக்கு ஒரு துறையை எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையும் மேற்படிப்பும் அதை வைத்துத்தான். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டுக் கனவில் ஐசியூ எழுதிவிட்டார்கள். நான் மனநலம் எழுதப் போகிறேன். மார்ச் ஏழு கடைசி நாள்.

இன்னொன்று. அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் சம்மதக் கையெழுத்து இருக்கிறது. அதைப் பார்த்தாயா, இல்லையா?

தமிழ்மதி

*

பூ மார்க்கெட்
12.2.2025

மதி,

பார்த்தேன். அம்மாவிடம் கையெழுத்து வாங்கத் தெரிந்த உனக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையா? அந்தப் படத்தில் நானும் ஒரு கட்டமாக நிற்கிறேனே. 'மகன், திருமணமாகாதவர்.' இனி அதை அழிக்க வேண்டிய வேலை உனக்கு இல்லை.

மனநலமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். ஐசியூ எழுது. இல்லையென்றால் குழந்தைகள் வார்டு எழுது. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, "பொண்ணு என்ன நர்சு?" என்று கேட்பார்கள். நீ அந்த வார்டு பேரைச் சொன்னால், "அது எதுக்கு அதைப் படிச்சுச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். நான் அதற்கும் பல் டாக்டர் கதை சொல்ல முடியாது.

உன் புண்ணியத்தில் இங்கே வீடும் சரியில்லை. அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவது இல்லை. மோட்டார் ரூமுக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். டிவியைப் பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறது. என் போன் அடித்தால் போதும், "என்னையப் பத்தித்தான பேசுறாக? எம்புட்டுச் சொன்ன?" என்று முறைக்கிறது. அதனால்தான் வீட்டிலிருந்து நான் யாரிடமும் போனில் பேசுவதே இல்லை. கல்யாணம் நின்ற ஏக்கம் அது. உன்னால் வந்தது.

ஃபார்மில் என்ன எழுதினாய் என்று பதில் போடு. மனநலம் என்றால் பதிலே போடாதே.

சிவபிரகாஷ்

*

ஹாஸ்டல்
15.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஃபார்மை விடு. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்.

பொங்கலன்று அம்மா வாசலில் போட்ட கோலம் ஞாபகம் இருக்கிறதா? இருபத்தோரு புள்ளி. ஒரு இழையும் கோணவில்லை. தெருவில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, கை ஆடவே இல்ல!" என்று நான் குதித்தேன். நீ சைக்கிளைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அம்மா சாப்பிடும் மாத்திரைக்குக் கை ஆடும். ஏழு வருஷமாக ஆடியது. டம்ளர் பிடித்தால் தளும்பும், பூக் கட்டினால் நார் நழுவும். அது திடீரென்று நின்றால் என்ன அர்த்தம் என்று முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் நாலாம் வருஷம். கண் முன்னால் பார்த்துவிட்டு, அம்மா நல்லாயிருச்சு என்று மூன்று நாள் கரும்பு தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

கல்யாணம் நின்ற ஏக்கத்துக்கு மோட்டார் ரூமில் குரல் கேட்காது அண்ணே.

மதுரை டாக்டர் கொடுத்த நீல நோட்டை எடு. கடைசியாக மாத்திரை வாங்கிய தேதிக்கு ஒரு சீல் இருக்கும். அந்தத் தேதியை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தமிழ்மதி

*

பூ மார்க்கெட்
19.2.2025

பாப்பா,

அக்டோபர் 26.

அந்த மாத்திரை நவம்பர் கடைசி வரைக்கும் இருந்தது. அப்புறம் வாங்கவில்லை.

பெண் வீட்டார் பன்னிரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். அம்மாதான் பரிமாற வேண்டும். மாப்பிள்ளையின் தாய் பரிமாறாமல் யார் பரிமாறுவது? சாம்பார் வாளியைப் பிடித்தால் கரண்டி டக்கு டக்கென்று அடிக்கும், உனக்கே தெரியும். "என்னம்மா கை இப்படி ஆடுது?" என்று ஒருத்தர் கேட்டால் போதும். பத்து நாள் நிறுத்தினால் கை நிற்கும் என்று நெட்டில் பார்த்தேன். நின்றது. அன்றைக்கு அம்மா ஒரு சொட்டு சிந்தாமல் பரிமாறியது. ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நல்லாத்தானே இருக்கிறது, உறுதி பண்ணும் வரைக்கும் இப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது திரும்ப வாங்கி வந்து கொடுத்தால் தட்டிவிடுகிறது. "டாக்டரு வேணாம்னாருல்ல? இது யாரு குடுக்கச் சொன்ன மருந்து?" என்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னைக் கேட்க வாய் வரவில்லை.

சிவபிரகாஷ்

*

மருத்துவமனை, திண்டுக்கல்
24.2.2025

அண்ணனுக்கு,

நேற்று மத்தியானம் நீ வந்தபோது வீடு பூட்டியிருந்ததைப் பார்த்திருப்பாய். சாவி வழக்கமான இடத்தில்தான் இருந்தது. அம்மா இங்கே வார்டில் இருக்கிறது. அட்மிஷன் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். என் நம்பர்தான் உனக்கு ஆகாதே.

மதுரைக்குப் போகவில்லை. நம் ஊர் வழியாக வரும் டவுன் பஸ்ஸில், பட்டப்பகலில், அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஏறி, "என்னத்தா, பல்லு டாக்டரா?" என்றார். "இல்லக்கா, மனசுக்குப் பாக்குற டாக்டரு" என்றேன். பஸ்ஸில் நாலு தலை திரும்பியது. அப்புறம் கண்டக்டர் விசில் அடித்தார், போய்விட்டோம். அவ்வளவுதான் அண்ணே. இதற்கா ஏழு வருஷம் பயந்து செத்தோம்?

உன்மேல் எனக்கு இருப்பது கோபம் மட்டும் என்றால் இரண்டு நாளில் ஆறிவிடும். அம்மா உன்னிடம் உள்ளங்கையை நீட்டும். நீ வைப்பதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும். என்ன மாத்திரை, எதற்கு, ஒருநாளும் கேட்டது இல்லை. குரல்கள் எல்லாம் சேர்ந்து, 'உன் மகன் உனக்கு விஷம் வைக்கிறான்' என்று சொன்ன நாட்களில்கூட நீட்டியது. அதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை நீ ஏமாற்றியிருக்கிறாய், பன்னிரண்டு பேர் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவதற்காக. என் கேஸ் ஸ்டடியைப் பார்த்து 'அந்த வாயா இது?' என்று கேட்டாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா? நான் எழுதியது காகிதத்தில். நீ விளையாடியது அம்மாவின் மூளையில்.

நேற்று ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து அம்மா கும்பிட்டது, அடிக்க வேண்டாம் என்று. நான் பக்கத்தில் நின்றேன். என்னையும் அடையாளம் தெரியாத மாதிரிப் பார்த்தது.

வந்தால் வா. சத்தம் போடாமல் வா.

தமிழ்மதி

*

பூ மார்க்கெட்
1.3.2025

பாப்பா,

இரண்டு தரம் வந்தேன். முதல் தரம் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. இரண்டாம் தரம் நான் கொண்டுபோன இட்லியைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டது. நீ சொன்னது எல்லாம் சரி.

கீர்த்தனாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'முதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்' என்று. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைக்க இனி எனக்குத் தெம்பு இல்லை.

நேற்று உட்கார்ந்து உன் நோட்டு முழுவதையும், மாமா எனக்கும் அனுப்பிவிட்ட அந்தப் படங்களிலேயே படித்தேன். முதல் தரம் கோபத்தில் நாலு பக்கம்தான் பார்த்திருந்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அம்மா தனியாகப் பேசும்போது வலது கையால் முந்தானையைத் திருகும் என்று எழுதியிருக்கிறாயே, நான் கூடவே இருந்தும் அதைக் கவனித்தது இல்லை.

ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. உடல் பரிசோதனை என்று ஒரு பக்கம். 'கீழ்த்தாடையில் வலது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் இல்லை. சொத்தை காரணமாக அகற்றப்பட்டது' என்று போட்டிருக்கிறாய். அது சொத்தை இல்லை பாப்பா. நல்ல பல்.

நீ ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். பூ எடுக்க வந்த பொம்பளைகள், "இம்புட்டு வருசமா பல்லுக்குப் பாக்குறீக, ஒரு பல்லும் குறையலையே?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். யோசனை என்னுடையதுதான். ஒன்றைப் பிடுங்கிவிட்டால் பேச்சு அடங்கும் என்றேன். அம்மா, "வலிக்குதுன்னு சொல்லணுமா? சொல்லிட்டாப் போச்சு" என்றது. பல் டாக்டர், "நல்லா இருக்கேம்மா, எதுக்கு?" என்று மூன்று தரம் கேட்டார். "வலிக்குது சார்" என்றது. நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்கு நீ உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொப்பளிக்கக் கொடுத்தாய். அதற்கப்புறம் அம்மா ஒரு பக்கமாகத்தான் மெல்லும். நான் சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்ப்பது இல்லை.

நீ எந்தத் துறை எழுதினாலும் சரி. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணன்

*

மருத்துவமனை, திண்டுக்கல்
7.3.2025

அண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊரை ஏமாற்றினீர்கள், நானும் கூட்டு. சரி. என்னையும் ஏன்? பஞ்சை வாயில் கடித்துக்கொண்டு வந்த அம்மாவுக்கு நான் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். 'எம் மக நர்சு மாதிரிப் பாக்குறா' என்று அம்மா சொல்ல, நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் நான் நர்சிங் படிப்பது என்று முடிவு பண்ணினேன். அது உனக்குத் தெரியுமா? ஒரு நல்ல பல்லுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

ஆனால் உன்னைத் திட்டி எழுத எடுத்த பேனாவை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டேன். நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவிடம் கேட்டு எழுதினேன் என்றேன் அல்லவா? கேட்கவில்லை. சம்மதக் கையெழுத்தை நான்தான் போட்டேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் நோயாளி கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அம்மாவிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று பயந்தேன். 'சின்னக்கண்ணு' என்று இரண்டு தரம் பழகிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

திங்கட்கிழமை நர்கீஸ் மேடத்திடம் இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மார்க்கைக் கேன்சல் பண்றேன். புதுசா வேற எழுதிக் குடு. முதல்ல அவங்க கால்ல போய் விழு" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது இல்லை.

அம்மா இப்போது தெளிந்து வருகிறது. சாப்பிடுகிறது. நேற்று மத்தியானம் கட்டிலில் உட்காரவைத்து நோட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குரல்கள் வரும் பக்கத்தில் நிறுத்தச் சொல்லும் என்று நினைத்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தது.

"இது நான் போட்டது இல்லையே."

"நான் போட்டதும்மா."

தண்ணீர் கேட்டது, கொடுத்தேன், குடித்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது.

"அவன் ஒரு வார்த்தை நெசத்தச் சொல்லாம மாத்திரைய நிறுத்துனான். நீ ஒரு வார்த்தை கேக்காம என்னைய எழுதி ஊருக்கே குடுத்துட்ட. ரெண்டு பேருக்கும் நான் யாருடி? கொட்டத்துல கட்டிப்போட்ட மாடா?"

நான் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொண்டது. வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் நாளைக்கு ஃபார்மில் மனநலம் எழுதினால் நான் நிற்க வேண்டிய இடமே இதுதானே என்று அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டது. "அந்தப் பல்லு சமாச்சாரத்தத் தப்பா எழுதிருக்க. சரியா எழுது. மத்தது இருக்கட்டும்" என்றது. பழைய வரியை அடித்துவிட்டு, அது சொன்ன மாதிரியே எழுதினேன்: 'கீழ்த்தாடையில் ஒரு பல் இல்லை. நல்ல பல். என்ன நோய் என்று சொல்லப் பயந்து பிடுங்கிக்கொண்டது.' மார்க்குக்கு இல்லை. அந்த நோட்டு இனி என் பெட்டியில்தான் இருக்கும்.

பேனாவை வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டது. மாத்திரை வேலை செய்கிறது அண்ணே, கை நன்றாக ஆடுகிறது. எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் போட்டது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்று காலை ஃபார்மைக் கொடுத்துவிட்டேன். மனநலம். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். "என்னமோ படி. ஆனா கேட்டுட்டு எழுது" என்றது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட்டிப்போக நீ வா. வரும்போது அடுப்படி அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் சம்படத்தைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவா. மாத்திரையை அம்மா அதில்தான் வைத்துக்கொள்ளப் போகிறதாம். எண்ணி எடுத்து, தானே போட்டுக்கொள்ளுமாம். உன் கையாலும் வாங்காதாம், என் கையாலும் வாங்காதாம்.

தமிழ்மதி